சத்திரத்திலிருந்து லடாக் வரை: ஒரு பயணத் திட்டம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குப் பேசத் தந்திருக்கும் நேரம் இருபது நிமிடம். சங்கச் செயலாளர் "ஏதாவது தொழில்நுட்பமாகப் பேசுங்கள், ஆனால் தூங்க வைத்துவிடாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டார். ஆகவே கையில் இருக்கும் ஒரு வேலையைப் பற்றியே பேசுகிறேன். எங்கள் மெக்கானிக்கல் பேட்சில் எட்டுப் பேர் சேர்ந்து, வரும் செப்டம்பரில் இரண்டு ஜீப் வகை வண்டிகளில் லடாக் போவதாகத் திட்டம் போட்டோம். தார்ச்சாலையில் மட்டும் அல்ல, மண் தடத்திலும், ஆற்று மணலிலும், ஐயாயிரம் மீட்டருக்கு மேலே உள்ள கணவாய்களிலும் ஓட்ட வேண்டும் என்பது ஆசை. வண்டி இன்ஜின் சோதனைதான் என் வேலை. அந்த வேலையாக இரண்டு முறை லே நகரத்துக்குப் போயிருப்பதால், திட்டம் போடும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். அழைப்பிதழில் "எரிமலை மலைகளின் ஊடே" என்று போட்டிருப்பதைப் பார்த்து, லடாக்கில் ஏது எரிமலை என்று ஒரு ஐயா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். புகை கக்கும் எரிமலை அங்கே கிடையாது. நம் நாட்டில் உயிரோடு இருக்கும் எரிமலை அந்தமான் பக்கத்து பாரன் தீவில் உள்ளது. ஆனால் லடாக்கில் அணைந்துபோன அடுப்புகள் இருக்கின்றன. இந்திய நிலப்பகுதி வடக்கே நகர்ந்து ஆசியாவில் மோதுவதற்கு முன்னால் நடுவில் தெதிஸ் என்றொரு கடல் இருந்தது. அதன் தரை ஆசியாவின் அடியில் சொருகி உருகியதால், மேலே எரிமலைகள் வரிசையாகக் கிளம்பின. கார்கில் அருகே திராஸ் பக்கம் கரும்பச்சையாகத் தெரியும் பாறைகள் அந்தக் கடல் தீவு எரிமலைகளின் மிச்சம். நூப்ரா, ஷயோக் பள்ளத்தாக்கை ஒட்டி இருப்பவற்றைக் கர்துங் எரிமலைப் பாறைகள் என்று நிலவியலார் அழைக்கிறார்கள். அவை ஆறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. இரண்டுக்கும் நடுவில் லே நகரத்துக்குப் பின்னால் நிற்கும் வெளிர்நிறக் கருங்கல் மலைத்தொடர், மேலே வராமல் அடியிலேயே உறைந்துபோன எரிகுழம்பு. கார்கிலிலிருந்து லே, லேயிலிருந்து கர்துங் லா தாண்டி நூப்ரா என்று போனால் ஒரு பழைய எரிமலை வரிசையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறோம். வயதைப் பற்றி அவர்கள் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். நம் ஊர்க் கிணறு வெட்டும்போது மாட்டிக்கொண்டு வெடி வைக்கச் சொல்லும் பாறை அதைவிடப் பல மடங்கு பழசு.

புகை கக்கும் எரிமலையில்தான் ஓட்ட வேண்டும் என்பவர்கள் தென் அமெரிக்காவுக்குப் போகிறார்கள். சிலி, அர்ஜென்டினா எல்லையில் இருக்கும் ஓஹோஸ் டெல் சலாடோ 6,893 மீட்டர். உலகின் மிக உயரமான எரிமலை. 2007-இல் சிலி நாட்டுக்காரர் இருவர் ஒரு சின்ன சுசுகி சாமுராய் வண்டியை அதில் 6,688 மீட்டர் வரை ஏற்றினார்கள். 2023 டிசம்பரில் ரோமன் டுமா என்ற பந்தய ஓட்டுநர் 6,734 மீட்டர் வரை ஒரு போர்ஷே காரைக் கொண்டுபோனார். அதற்காகவே மாற்றிக் கட்டிய கார் அது. கூடவே பெரிய பட்டாளம் உண்டு. நாம் அந்த வழிக்கு வரவில்லை.

நம் நாட்டிலும் உயரப் போட்டி உண்டு. பொலிவியாவில் உதுருங்கு என்ற எரிமலைக்குப் போகும் 18,953 அடிச் சாலைதான் வண்டி போகும் மிக உயரமான சாலை என்று சொல்லிவந்தார்கள். எல்லைச் சாலை நிறுவனத்தார் உம்லிங் லாவில் 19,024 அடியில் சாலை போட்டு, 2021-இல் கின்னஸ் சான்றிதழ் வாங்கினார்கள். 2025 அக்டோபரில் அவர்களே மிக் லாவில் 19,400 அடிக்குப் போய்விட்டார்கள். கர்துங் லாவின் உச்சியில் 18,380 அடி என்று வெகுகாலம் பலகை இருந்தது. கருவி வைத்து அளந்தவர்கள் 5,359 மீட்டர், அதாவது சுமார் 17,580 அடி என்கிறார்கள். பலகைக்கு முன்னால் போட்டோ எடுப்பதற்காக மட்டும் மலை ஏறுவது எனக்குப் பிடிக்காத காரியம். ஆகவே உம்லிங் லாவும் மிக் லாவும் எங்கள் திட்டத்தில் இல்லை. இதில் எனக்கும் நண்பர்கள் இருவருக்கும் இன்னும் சண்டை தீரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திட்டம் என்றதும் நண்பர்கள் கொண்டுவந்தது ஓட்டும் தூரத்தின் பட்டியல். இன்றைக்கு இத்தனை கிலோமீட்டர், நாளைக்கு இத்தனை என்று அழகாக ஒரு சார்ட். அதை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் ஒவ்வொரு ராத்திரியும் எங்கே படுக்கிறோம், அந்த இடம் எத்தனை மீட்டர் என்று மட்டும் எழுதச் சொன்னேன். நம் ஊர் பெயரையே பாருங்கள்: பனை வடலியும் ஒரு சத்திரமும். நடந்தும் வண்டி கட்டியும் போன காலத்தில் வழிப்போக்கர் கணக்கு எத்தனை தூரம் என்பதைவிட, பொழுது சாய்ந்தால் எங்கே தங்கலாம் என்பதாகத்தான் இருந்திருக்கும். மலைப் பயணத்துக்கும் அதே கணக்குதான். பகலில் ஏறும் உயரம் பெரும்பாலும் உங்களை ஒன்றும் செய்யாது. படுத்துத் தூங்கும் உயரம்தான் ஆளைப் பிடிக்கும்.

மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி இது: மூவாயிரம் மீட்டருக்கு மேலே போய்விட்டால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு தரம் அதே உயரத்தில் ஒரு நாள் சும்மா இருக்க வேண்டும். இதை வைத்து இரண்டு வழிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். மணாலி வழியாகப் போனால் மணாலி 2,050 மீட்டர், கேலாங் சுமார் 3,100. அடுத்து வழக்கமாக எல்லோரும் கூடாரத்தில் தங்கும் சர்ச்சு சுமார் 4,300. ஒரே நாளில் ஆயிரத்து இருநூறு மீட்டர்! சர்ச்சுவில் விடிய விடிய வாந்தி எடுத்த கதையை லடாக் போய்வந்த பத்துப் பேரில் இரண்டு மூன்று பேராவது சொல்வார்கள். ஸ்ரீநகர் வழியாகப் போனால் ஸ்ரீநகர் 1,585, கார்கில் 2,676, லே 3,500. நடுவில் சோஜி லா 3,528, ஃபோட்டு லா 4,108 என்று ஏறி இறங்கினாலும் தூங்குவது கீழேதான். எனவே போவது ஸ்ரீநகர் வழி, உடம்பு பழகிய பிறகு திரும்புவது மணாலி வழி. பனவடலிசத்திரத்திலிருந்து ஸ்ரீநகர் வரை மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் சமவெளி ஓட்டம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முறை வைத்து ஓட்ட வேண்டும், ராத்திரி ஓட்டக்கூடாது, அவ்வளவுதான்.

2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த கொடூரத்துக்குப் பிறகு ஸ்ரீநகர் என்றாலே வீட்டில் முகம் மாறுகிறது. அது நியாயமான பயம். அதனால் மாற்று வழியையும் இப்போதே எழுதி வைத்திருக்கிறோம். நிலைமை சரியில்லை என்றால் மணாலியில் இரண்டு ராத்திரி, கேலாங் தாண்டி ஜிஸ்பாவில் இரண்டு ராத்திரி. பிறகு விடியுமுன் கிளம்பி, சர்ச்சுவில் தங்காமல் ஒரே நாளில் லே. நீண்ட நாள்தான், ஆனாலும் 4,300 மீட்டரில் தூங்குவதைவிட மேல். எந்த வழி என்பதைப் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு முடிவு செய்வோம். அதன்பின் விவாதம் கிடையாது.

லேயில் மூன்று ராத்திரி. முதல் இரண்டு நாள் வண்டிச் சாவியை விடுதிக்காரரிடமே கொடுத்துவிட வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறேன். பிறகு கர்துங் லா ஏறி இறங்கி நூப்ராவில் இரண்டு ராத்திரி. வேடிக்கை என்னவென்றால், நாற்பது கிலோமீட்டரில் 5,359 மீட்டருக்கு ஏறினாலும் அந்தப் பக்கம் நூப்ரா லேயைவிடத் தாழ்வானது, சுமார் 3,100 தான். ஏறுவது உயரம், தூங்குவது பள்ளம். இதைவிட நல்ல பழக்கம் உடம்புக்குக் கிடையாது. மறுபடி லே வந்து, சிந்து நதியோரமாக, சுடுநீர் ஊற்றுள்ள சுமாதாங்கில் ஒரு ராத்திரி. அது சுமார் நாலாயிரம் மீட்டர். பிறகு ஹான்லே, சுமார் 4,300. அங்கே மலைமேல் பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் இரண்டு மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. நம் கொடைக்கானல், காவலூர் வான் ஆய்வகங்களை நடத்தும் அதே நிறுவனம்தான். ராத்திரி வானம் கெடாமல் இருக்க அந்த வட்டாரத்தையே இருள் வானக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். ஆகவே ஹெட்லைட், கூரை விளக்கு எல்லாம் போட்டுக்கொண்டு ஊருக்குள் போகும் ஹீரோத்தனம் அங்கே செல்லாது.

இனி வண்டி. மாணவர்கள் கொஞ்சம் கவனியுங்கள், தேர்வில் வராத கேள்வி இது. லேயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 65 சதவீதம். கர்துங் லாவில் பாதிக்குச் சற்று மேல். டர்போ இல்லாத இன்ஜின் இழுக்கும் காற்றும் அதற்கேற்பக் குறையும். இங்கே நூறு குதிரைசக்தி தருவது அங்கே ஐம்பது, ஐம்பத்தைந்துதான் தரும். டர்போ இருந்தால் இழப்பு குறைவு, ஆனால் இழப்பே இல்லை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். இது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது பிரேக். பெடலை மிதிக்கும்போது நமக்கு உதவும் பூஸ்டர், ஒரு பக்கம் வெற்றிடமும் மறுபக்கம் வெளிக்காற்றின் அழுத்தமும் வைத்து வேலை செய்கிறது. வெளிக்காற்றே பாதி என்றால் உதவியும் ஏறத்தாழ பாதி. கணவாய் உச்சியிலிருந்து இறங்கும்போது பெடல் கட்டையாக இருப்பதுபோலத் தோன்றும். பிரேக் கெட்டுப்போகவில்லை, காற்றுதான் கை கொடுக்கவில்லை. எந்தக் கியரில் ஏறினாயோ அதற்கும் ஒரு கியர் கீழே போட்டு இறங்கு என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரேடியேட்டர் மூடி ஒரு பார் அழுத்தம் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே உள்ளே இருக்கும் வெறும் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காது. கர்துங் லாவில் 112-லேயே கொதித்துவிடும். விசிறி தள்ளும் காற்றும் மெலிசு. கூலன்ட் சரியான விகிதத்தில் புதிதாக ஊற்றுவதும், மூடியின் ரப்பரைப் பார்ப்பதும் இருநூறு ரூபாய் வேலை. ஆனால் மெக்கானிக்கிடம் நாமாகக் கேட்டால்தான் செய்வார். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே 82, 83 டிகிரியில் கொதிக்கும், பருப்பு வேகாது. குக்கர் ஒன்று கட்டாயம் எடுத்துப் போகிறோம்.

டயரைப் பற்றி ஒரு கணக்கு. இங்கே 30 டிகிரி வெயிலில் 30 பி.எஸ்.ஐ. காற்று அடைத்துக்கொண்டு போகிறோம். ஐயாயிரத்து முந்நூறு மீட்டரில் வெளி அழுத்தம் குறைவதால் அதே காற்று 37 காட்ட வேண்டும். ஆனால் விடியற்காலை பூஜ்ய டிகிரிக் குளிரில் அது சுருங்கி, 32 அல்லது 33-தான் காட்டும். வெயில் ஏறியதும் மறுபடி உயரும். இது தெரியாமல் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று காற்றை அடைப்பதும் இறக்குவதுமாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மணலில் இறங்கும்போது மட்டும் 20-க்குக் குறைத்து, வெளியே வந்ததும் அடைத்தால் போதும். ஒரு எச்சரிக்கை: சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் சின்ன கம்ப்ரஸரும் அதே பாதிக் காற்றைத்தான் இழுக்கும், இங்கே ஐந்து நிமிடம் என்றால் அங்கே பத்து. அதற்கும் ஓய்வு கொடுத்து ஓட்டுங்கள், புகைந்துவிடும். வண்டிக்கு ஒரு ஸ்டெப்னி போதாது, இரண்டு வேண்டும். கூரான உடைகல் டயரின் பக்கச் சுவரைக் கிழித்தால் பஞ்சர் ஒட்டும் வேலையே இல்லை.

டீசல்: மணாலி வழியில் கேலாங்குக்கு முன்னால் ஒரு பங்க். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று அங்கே வைத்த பலகை பிரசித்தம். ஊர் பெயர் என்ன தெரியுமா? தாண்டி. நாங்கள் அந்தப் பக்கத்திலிருந்து இறங்கி வருகிறவர்கள் என்பதால், லே பக்கமே நிரப்பிக்கொண்டு தாண்டிக்குத் தாண்டியாக வேண்டும். ஊரில் லிட்டருக்குப் பன்னிரண்டு தரும் வண்டிக்கு அங்கே எட்டு என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் வண்டிக்கு இருபது லிட்டர் கேனில்.

செப்டம்பர் ஏன் என்று கேட்டார்கள். 2010 ஆகஸ்டில் லேயில் ஒரே ராத்திரி மேகம் உடைத்துக் கொட்டியதில் இருநூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். 2023 ஜூலையில் குலு, மணாலி பக்கம் பியாஸ் ஆறு சாலையை அடித்துக்கொண்டு போனது. மழையும் பனி உருகலும் அடங்கும் காலம் செப்டம்பர். அப்போதும் ஓடையைக் குறுக்கே கடப்பது காலை பத்து மணிக்குள். பகல் ஏற ஏற மேலே பனி உருகி, காலையில் முழங்கால் அளவு இருந்த தண்ணீர் மாலையில் இடுப்புக்கு வந்துவிடும். முதலில் ஒரு ஆள் கயிறு கட்டி நடந்து பார்க்காமல் வண்டி இறங்காது.

தடத்தை விட்டு விலகி ஓட்டுவது பற்றி இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கரிசலில் சக்கரத் தடம் ஒரு மழையில் மறைந்துவிடும். சாங்தாங் மேட்டுநிலத்தில் மழையே அபூர்வம், புல் முளைப்பது அதைவிட அபூர்வம். நீங்கள் இன்று போட்ட தடம் பல வருஷம் அப்படியே கிடக்கும். அங்கே பறவைகள் கூடு கட்டும் சதுப்பும் சாங்பா மக்களின் ஆடுகள் மேயும் புல்லும் அந்தத் தடத்தின் கீழேதான் போகும். ஏற்கெனவே உள்ள மண் தடத்தில் மட்டும்தான் எங்கள் வண்டி ஓடும். ஏரித் தண்ணீருக்குள் வண்டியை இறக்கி வீடியோ எடுப்பவர்களுக்கு அபராதம் போடுகிறார்கள். இன்னும் அதிகமாகப் போடலாம் என்பது என் கட்சி.

அனுமதிச் சீட்டு விதிகள் அடிக்கடி மாறுவதால், புறப்படும் வாரம் லே மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பதே வழி. அனுமதி இல்லாத சாட்டிலைட் போன் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். வெளிநாட்டுத் தம்பி யாராவது அன்பளிப்பாகக் கொடுத்தாலும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

கடைசியாக, எங்களுக்குள் கடினமாக இருந்த ஒன்று. இந்தப் பயணத்தை முதலில் பேசியதே எங்கள் பேட்சில் ஒரு நண்பர்தான். மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஒரு பழைய வரைபடத்தை விரித்து விரலால் கோடு போட்டவர். சென்ற ஆண்டு அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வயது முப்பத்தேழு. இதய மருத்துவரிடம் நானும் கூடப் போனேன். படுக்கும் உயரங்களின் பட்டியலைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, லே வரைக்கும்கூட இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் நண்பர் கேட்டது: "அப்போ நான் இல்லாமலே போயிருவியளோல?"

அன்று ராத்திரி எட்டுப் பேரும் உட்கார்ந்தோம். பயணத்தையே கொடைக்கானல், மூணாறு என்று மாற்றிவிடலாம் என்றார் ஒருவர். தள்ளிப்போடலாம் என்றார் இன்னொருவர். ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதே, கூட்டிக்கொண்டு போவோம், ஒன்றும் ஆகாது என்றும் ஒரு குரல் வந்தது. அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. சிலிண்டர் என்பது கீழே இறங்கும் வரை தாக்குப்பிடிக்க. மேலே போவதற்கான டிக்கெட் அல்ல. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். குதிகாலும் விரலும் ஒட்ட நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினால் மூளை வீங்கியிருக்கலாம். இரண்டுக்கும் முதல் மருந்து இறங்குவது. ஹான்லேயிலிருந்து லேயில் உள்ள எஸ்.என்.எம். மருத்துவமனைக்கு முழுப் பகல் பயணம். ஆரோக்கியமான ஆளுக்கே அது நீளம்.

கடைசியில் நண்பரே பேசினார். "என்னால யாரும் நிக்க வேண்டாம்டே. ஆனா நான் சும்மாவும் இருக்க மாட்டேன்." எங்களிடம் இல்லாமலிருந்த ஒரு வேலையை அவர்தான் கண்டுபிடித்தார். கரையில் இருக்கும் ஆள். எங்கள் படுக்கைப் பட்டியலின் ஒரு நகல் அவரிடம். தினம் ராத்திரி எட்டு மணிக்குள் அவருக்குச் செய்தி போக வேண்டும். சிக்னல் கிடையாது என்று முன்பே தெரிந்த ஊர்களைச் சிவப்பு மையில் குறித்திருக்கிறார். சிவப்பு இல்லாத ஊரிலிருந்து செய்தி வராவிட்டால் மறுநாள் காலை பத்து வரை பொறுப்பார்; பிறகு விடுதிக்காரர், அடுத்து போலீஸ். எங்கள் ஏழு வீட்டாரும் பதறிக்கொண்டு எங்களுக்குப் போன் போடாமல் அவருக்கே போடுவார்கள். எங்கள் ரத்த வகை, மருந்து ஒவ்வாமை எல்லாம் அவர் நோட்டில். உயரத்துக்கான அசெட்டசோலமைடு மாத்திரையை யார் யார் சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் ஏழு பேரையும் வரிசையாகக் கூட்டிப்போனதும் அவர்தான்.

இன்னொரு விதியும் அவர் போட்டது. ஒவ்வொரு நாளும் ஓட்டாத ஒருவர், அன்றைக்கு "திரும்பு" என்று சொல்லும் அதிகாரி. அவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வண்டி திரும்பும். கேலி செய்பவர் அடுத்த இரண்டு நாள் பாத்திரம் கழுவ வேண்டும். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நண்பர் எட்டாவது கையெழுத்து.

உரைக்குப் பின் ஒரு மாணவர், இதையே பைக்கில் போகலாமா என்று கேட்டார். போகலாம், நிறையப் பேர் போகிறார்கள். ஆனால் படுக்கும் பட்டியல் மாறாது. குளிருக்கும் ஓடைக்கும் இன்னும் இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். மாணவி ஒருவர், பயிற்சி எங்கே எடுப்பது என்று கேட்டார். நண்பர் ஒருவரின் தரிசு நிலம், காற்றாலைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மணலில் சிக்கிய வண்டியை எடுப்பது, ஸ்டெப்னி மாற்றுவது, கயிறு கட்டி இழுப்பது மூன்றையும் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு காலை ஆறு மணிக்கு அங்கேதான் பழகுகிறோம். பார்க்க வரும் மாணவ மாணவியர் செருப்பு போடாமல் ஷூ போட்டு வரவும். கருவேல முள் அதிகம்.